பாஸ்வேர்டு மறந்த சர்வரை மீட்பது என்றால் என்ன?

ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. கல்லாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு அறை. பழைய பில் புத்தகக் கட்டுகள், ஒரு யுபிஎஸ், அதற்குப் பக்கத்தில் தூசி படிந்த டவர் சர்வர். அறையின் சாவி வெளியே காலண்டர் மாட்டியிருந்த அதே ஆணியில் தொங்கியது. கடையின் டேலி கணக்குக் கோப்புகள் எல்லாம் அந்தச் சர்வரில்தான். டிஸ்க் நிரம்பிவிட்டது, புது டிஸ்க் சேர்க்க வேண்டும், அதற்கு ரூட் (சர்வரின் உச்ச அதிகாரக் கணக்கு) பாஸ்வேர்டு வேண்டும். அது கடையில் யாருக்கும் தெரியாது. சர்வரை அமைத்துக் கொடுத்தவர் துபாய் போய் நான்கு வருடம் ஆகிறது.

அவரை வாட்ஸாப்பில் பிடித்தோம். "நான் வழக்கமா வைக்கிறதுதாங்க. முதல் எழுத்து பெருசு, கடைசில வருஷம்" என்றார். எந்த வருஷம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. 2014-இல் தொடங்கி ஒவ்வொரு வருடமாக அடித்துப் பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நான் புதிய பாஸ்வேர்டோடு ரூட்டாக உள்ளே இருந்தேன். முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரப் பெரியவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, பாஸ்வேர்டே இல்லாம உள்ள போயிட்டீங்க. அப்புறம் எதுக்குங்க அந்தப் பாஸ்வேர்டு?"

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. டீ வந்தது, பேச்சு மாறிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். எந்தக் கட்டளையை எந்தத் திரையில் அடிப்பது என்று சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. அந்தக் கட்டளைகள் ஏன் வேலை செய்கின்றன, எங்கே போய் நின்றுவிடுகின்றன என்பதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

மீட்பதற்கு உள்ளே எதுவும் இல்லை

"பாஸ்வேர்டு ரெக்கவரி" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே தவிர, மறந்த பாஸ்வேர்டை எந்தச் சர்வரிலிருந்தும் எடுத்துத்தர முடியாது. காரணம், அது சர்வருக்கே தெரியாது.

ஆரம்பத்தில் தெரிந்துதான் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் அமைப்பை உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். எல்லாம் ஒரே கோப்பில், அப்படியே எழுதியபடி இருந்தன. அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் ஷெர்ருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரக் கணினி நேரம் போதவில்லை. 1962-இல் அந்தக் கோப்பை அச்சடித்துத் தரும்படி துளை அட்டையில் ஒரு வேண்டுகோளை எழுதிப் போட்டார். அச்சாகி வந்துவிட்டது. பிறகு மற்றவர்கள் கணக்கில் உட்கார்ந்து வேலையை முடித்தார். 1966-இல் இன்னொரு கூத்து: அதே அமைப்பில் இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் டெர்மினலில் அச்சாகி வந்தது.

இப்படிப் பட்டுப் பட்டுத்தான் யுனிக்ஸ் (லினக்ஸுக்கு முன்னோடியான இயங்குதளம்) காலத்தில் வேறு வழிக்கு வந்தார்கள். பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளாமல், அதை அரைத்துக் கிடைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்வது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் மறுபடியும் அதே அரிசியைக் கொண்டுவந்தால் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கலாம். இந்த மாவுக்குத்தான் ஹாஷ் என்று பெயர். 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் விளக்கமாக வந்தன. அரைப்பதை வேண்டுமென்றே மெதுவாக்குவது, 25 தடவை அரைப்பது. அப்புறம் ஒவ்வொருவர் அரிசியிலும் வேறு வேறு உப்பு ஒரு சிட்டிகை போடுவது. அதனால் இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் மாவு வேறாக இருக்கும்.

இன்றைய லினக்ஸில் இந்த மாவு இருக்கும் கோப்புக்கு ஷேடோ என்று பெயர். ரூட்டின் வரியைத் திறந்து பார்த்தால் '$6$' என்று தொடங்கி, நடுவில் உப்பு, பிறகு ஒரு நீண்ட கிறுக்கல் இருக்கும். அந்த 6 என்பது எஸ்ஹெச்ஏ-512 முறையைக் குறிக்கிறது. வழக்கமான அமைப்பில் 5,000 சுற்று அரைக்கிறார்கள். டெபியன் 11, உபுண்டு 22.04 முதல் யெஸ்கிரிப்ட் என்ற இன்னும் கடினமான முறை வந்துவிட்டது.

மாவைப் பார்த்து அரிசியை ஊகிக்கலாம். கோடிக்கணக்கான வார்த்தைகளை ஒவ்வொன்றாக அரைத்துப் பார்ப்பதுதான் அந்த வேலை. இதில் ஒரு சுவையான கதை உண்டு. பழைய யுனிக்ஸ் மூலநிரல் சேகரிப்பு ஒன்றில், அதை எழுதிய மேதைகளின் பாஸ்வேர்டு கோப்பும் சேர்ந்து வெளியாகிவிட்டது. பொழுதுபோகாத ஆட்கள் உடைக்க ஆரம்பித்தார்கள். ஸ்டீஃபன் போர்னின் பாஸ்வேர்டு 'போர்ன்' என்றே இருந்தது. பிரையன் கெர்னிகன் வைத்திருந்தது கீபோர்டின் வலது கீழ் மூலையில் வரிசையாக இருக்கும் மூன்று குறிகள், இரண்டு தடவை. கென் தாம்ப்சனுடையது லேசில் அசையவில்லை. 2019 அக்டோபரில் ஒருவர் நவீன கிராஃபிக்ஸ் கார்டை நான்கு நாளுக்கு மேல் ஓடவிட்டு உடைத்தார். வந்த விடை ஒரு சதுரங்க நகர்வு: ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளுவது, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி. தாம்ப்சன் சதுரங்கம் ஆடும் இயந்திரமே கட்டியவர், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எட்டு எழுத்துதான், அதுவும் எழுபதுகளின் முறையில் அரைத்தது. அதற்கே அத்தனை நேரம். துபாய்க்காரர் வைத்த பாஸ்வேர்டை இன்றைய முறையில் உடைக்க உட்காருவது வெட்டி வேலை. அதனால் யாரும் பழைய பாஸ்வேர்டைத் தேடுவதில்லை. மாவுப் பாத்திரத்தையே மாற்றிவிடுகிறோம். ஷேடோ கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றி எழுதும் உரிமை கிடைத்தால் போதும். சரி, அந்த உரிமையை யார் கொடுப்பது?

அவசரப்படுவதற்கு முன்

அதற்குள் போகுமுன் ஒரு சொந்த அனுபவம். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று என்னிடம் வந்த சர்வர்களில் கணிசமானவற்றில் பாஸ்வேர்டு மறந்திருக்கவே இல்லை.

கேப்ஸ் லாக்கைச் சொல்லத் தேவையில்லை. அதைவிட மோசம் கீபோர்டு அமைப்பு. பிரிட்டிஷ் அமைப்பில் @ குறியும் இரட்டை மேற்கோளும் அமெரிக்க அமைப்புக்கு இடம் மாறி இருக்கும். பாஸ்வேர்டில் @ இருந்து, நிறுவும்போது ஒரு அமைப்பும் இப்போது இன்னொன்றும் இருந்தால், சரியாக அடித்தாலும் தவறுதான். திரையில் எதுவும் தெரியாததால் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தால் என்ன எழுத்து விழுகிறது என்று தெரிந்துவிடும். பார்த்த கையோடு அழித்துவிட வேண்டும், என்டர் தட்டினால் அது பதிவேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் மூலம் சர்வருக்குள் நுழையும் முறை) வழியாக முயல்பவர்கள் மாட்டிக்கொள்வது. 2015-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.0 முதல், ரூட்டைப் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே விடுவது முன்னிருப்பாகவே கிடையாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் "அனுமதி இல்லை" என்றுதான் வரும். தவறாக இருந்தாலும் அதே வரிதான். பத்துத் தடவை முயன்றால் சில அமைப்புகளில் கணக்கே கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் சரியானதை அடித்தாலும் திறக்காது.

இவை எதுவும் இல்லையென்றால், வேறு கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடோ உரிமை (ரூட் போலக் கட்டளை இடும் அனுமதி) உள்ள இன்னொரு பயனர் இருக்கலாம். யாருடைய பழைய லேப்டாப்பிலாவது எஸ்எஸ்ஹெச் சாவி கிடக்கலாம். பேக்கப் மென்பொருள் ரூட் உரிமையோடு ஓடிக்கொண்டிருக்கலாம், அதன் நிர்வாகத் திரையிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டினால் வேலை முடிந்தது. இதையெல்லாம் முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், மற்ற வழிகள் பெரும்பாலும் சர்வரை ஒரு தடவை நிறுத்தி எழுப்பச் சொல்லும். பாஸ்வேர்டு மறந்துபோகும் சர்வர்கள் நல்ல பிள்ளைகள். தொந்தரவே கொடுக்காததால்தான் யாரும் உள்ளே போகவில்லை, அதனால்தான் மறந்தது. அப்படி வருடக்கணக்காக நிற்காமல் ஓடிய டிஸ்க், நிறுத்திவிட்டு எழுப்பினால் எழாமலே போகலாம். ஈரோட்டில் நான் முதலில் செய்தது, கணக்குக் கோப்புகளை நெட்வொர்க் வழியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்ததுதான். அதற்கு ரூட் தேவையில்லை, கடைப் பையனின் கணக்கே போதும்.

கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் முதலாளி

நகல் எடுத்தாயிற்று. மானிட்டரையும் கீபோர்டையும் செருகினேன். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்டு நின்றது. கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். சர்வர் ஒழுங்காக எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு மறுபடி எழ ஆரம்பித்தது. நீ யார் என்று கேட்கவில்லை. கவனித்தீர்களா? பாஸ்வேர்டு கொடுக்காத ஒருவன் சொல்லி, முழு சர்வரும் நின்று எழுகிறது. நேரில் வந்து கீபோர்டைத் தொடுபவனை அது ஏற்கெனவே பாதி முதலாளியாக நினைக்கிறது.

மீதிப் பாதி அடுத்த சில நொடிகளில். கணினி எழும்போது முதலில் போர்டில் உள்ள ஃபர்ம்வேர், பிறகு லினக்ஸை எழுப்பிவிடும் க்ரப் என்ற பூட் லோடர், பிறகு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், பிறகு தற்காலிகமாக ஒரு குட்டி அமைப்பு, கடைசியில்தான் முழு லினக்ஸும் பாஸ்வேர்டு கேட்கும் திரையும். பாஸ்வேர்டு என்ற காவல்காரர் இந்த வரிசையில் ஆகக் கடைசியில் வேலைக்கு வருகிறார். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே வீட்டுக்குள் நிற்பவனை வாசல் காவலாளி என்ன கேட்க முடியும்?

ஈரோட்டில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். க்ரப் பட்டியல் வந்ததும் 'இ' எழுத்தைத் தட்டினால் எழும்புவதற்கான கட்டளைகள் திறக்கும். கெர்னலைக் குறிக்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போய் 'ஆர்டி.பிரேக்' என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்த வேண்டும். குட்டி அமைப்பு வரை வந்து நின்றுவிடும், பாஸ்வேர்டு கேட்காத ஒரு ஷெல் (கட்டளை அடிக்கும் திரை) கையில் கிடைக்கும். உண்மையான டிஸ்க் அங்கே 'சிஸ்ரூட்' என்ற ஃபோல்டருக்குள் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும். அதை எழுதும் நிலைக்கு மாற்றி, சிஎச்ரூட் கட்டளையால் அதற்குள் இறங்கி, புதிய பாஸ்வேர்டு வைத்தேன். வெளியே வந்தேன். சர்வர் எழுந்தது. பெரியவரைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதிய பாஸ்வேர்டை அடித்தேன்.

தவறு என்றது.

மறுபடி அடித்தேன். தவறு. இந்த இடத்தில் வியர்க்காதவர்கள் யாரும் இல்லை. விஷயம் என்னவென்றால் எஸ்ஈலினக்ஸ். அந்த அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், யார் யார் தொடலாம் என்று. குட்டி அமைப்பில் எஸ்ஈலினக்ஸ் விழித்திருக்காது. அங்கிருந்து மாற்றி எழுதிய ஷேடோ கோப்புக்குச் சரியான லேபிள் இருக்காது. சர்வர் முழுதாக எழுந்த பிறகு, நுழைவுத் திரையே அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல் திணறும். பாஸ்வேர்டு சரி, கோப்பும் சரி, லேபிள் இல்லை. வெளியே வருமுன் 'ஆட்டோரீலேபிள்' என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு வர வேண்டும். பத்துத் தடவை செய்த எனக்கு அன்றைக்கு அது மறந்துவிட்டது. பாஸ்வேர்டை மறந்த துபாய்க்காரரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான்தான். மறுபடி முதலிலிருந்து செய்தேன். இந்த முறை, டிஸ்கின் அளவைப் பொறுத்து ரொம்ப நேரம் ஆகலாம் என்று சர்வரே எச்சரித்துவிட்டு, எல்லாக் கோப்புக்கும் லேபிள் ஒட்டியது. நிரம்பி வழியும் டிஸ்க் அல்லவா, அந்த ஒரு மணி நேரத்தில் பாதி இதற்குத்தான் போயிற்று.

மற்ற லினக்ஸ்களில் விவரம் மாறும், தத்துவம் மாறாது. உபுண்டுவில் மீட்புப் பட்டியலிலேயே ரூட் ஷெல் இருக்கிறது. பழைய ரெட்ஹேட் 6-இல் ஒற்றைப் பயனர் நிலைக்குப் போனால் பாஸ்வேர்டே கேட்காது. 2014-இல் வந்த 7-இல் கேட்க ஆரம்பித்தார்கள், அதனால்தான் ஆர்டி.பிரேக் வழி புழக்கத்துக்கு வந்தது. ஒரு கதவை மூடினால் இன்னொன்றைத் திறந்து வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. உண்மையான சொந்தக்காரனும் ஒருநாள் வெளியே நிற்பான் என்று தயாரிப்பவர்களுக்குத் தெரியும்.

க்ரப்புக்கே பாஸ்வேர்டு வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், க்ரப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 தடவை தட்டினால் பாஸ்வேர்டு இல்லாமலேயே மீட்பு ஷெல் திறக்கிறது என்று காட்டினார்கள். அந்தப் பிழை ஏறக்குறைய ஆறு வருடமாக உள்ளே இருந்திருக்கிறது. உடனே சரிசெய்துவிட்டார்கள். அது சரியாக வேலை செய்தாலும்கூட, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் செருகுபவனை க்ரப் ஒன்றும் செய்ய முடியாது.

விண்டோஸ் சர்வரிலும் இதே கதைதான், வேறு வேஷத்தில். நார்வேயைச் சேர்ந்த பெட்டர் நோர்டால்-ஹாகன் 1997-இல் எழுதிய ஒரு சின்னக் கருவி, ஃப்ளாப்பியிலிருந்து எழும்பி, விண்டோஸின் பயனர் கணக்குக் கோப்பைத் திறந்து பாஸ்வேர்டை வெறுமையாக்கிவிடும். வட்டாரத்துக்கு ஒரு கணினிக் கடையிலாவது அந்த ஃப்ளாப்பி இருந்தது. பிறகு வந்த தந்திரம் இன்னும் எளிது. நுழைவுத் திரையின் மூலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைத் திறக்க ஒரு பொத்தான் உண்டு. நிறுவல் டிஸ்கிலிருந்து எழும்பி, அந்த நிரலின் இடத்தில் கட்டளைத் திரை நிரலை நகலெடுத்து வைத்துவிட்டால், பொத்தானை அழுத்தியதும் உச்ச அதிகாரத்தோடு கட்டளைத் திரை திறக்கும். வேலை முடிந்ததும் பழைய நிரலைத் திரும்ப வைக்க மறந்தவர்கள் விட்டுப்போன ஓட்டை எத்தனையோ.

அலுவலகம் முழுவதன் பயனர் கணக்குகளையும் வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலராக இருந்தால் இன்னொரு சிக்கல். அதை அமைக்கும்போது டிஎஸ்ஆர்எம் என்று தனியாக ஒரு மீட்புப் பாஸ்வேர்டு கேட்கும். வைத்த அன்றே மறந்துவிடுவோம், ஏனென்றால் அந்தக் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரி கெட்டுப்போகும் நாள் வரை அதற்கு வேலையே இல்லை. நல்லவேளையாக, சர்வர் நன்றாக ஓடும்போதே பழையது தெரியாமல் என்டிடிஎஸ்யூடில் கட்டளை கொண்டு புதிதாக வைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

டேட்டாபேஸும் விலக்கில்லை. மைஎஸ்க்யூஎல் ரூட் பாஸ்வேர்டு மறந்தால், உரிமை அட்டவணையைப் பார்க்காமலேயே சர்வரை எழுப்பும் ஒரு வழி இருக்கிறது. கதவு திறந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நெட்வொர்க்கிலிருந்து யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதால், 8.0 பதிப்பு முதல் அப்படி எழுப்பினால் நெட்வொர்க் தானாகவே மூடிக்கொள்ளும். அதாவது, அந்த இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவரை நம்பு, வெளியே இருப்பவரை நம்பாதே.

பெரியவரின் கேள்விக்கு முதல் பாதி பதில் இதுதான். அந்தப் பாஸ்வேர்டு நெட்வொர்க் வழியாக வருபவனுக்கு. அறைக்குள் வந்துவிட்டவனுக்கு அந்த அறையின் பூட்டுதான் பாஸ்வேர்டு. அது காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளவுடில் அந்த அறை வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அமேசான் கிளவுடில் சர்வரின் சாவியைத் தொலைத்தால், சர்வரை நிறுத்தி, அதன் டிஸ்கைக் கழற்றி, நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு சர்வரில் மாட்டி, கோப்பைத் திருத்தி, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவார்கள். ஸ்க்ரூடிரைவர் இல்லாமல், உலாவியில். கிளவுட் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அறைக்குள் நிற்பவர்.

காவல்காரரும் சாவியும்

இரண்டாவது பாதி கொஞ்சம் கசப்பானது. இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் பாஸ்வேர்டு ஒரு காவல்காரர். அவரை ஏமாற்றலாம், மாற்றலாம், அவர் வேலைக்கு வருமுன் உள்ளே போகலாம். வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் டிஸ்கை என்கிரிப்ட் செய்துவிட்டால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டால், பாஸ்வேர்டு சாவியாகிவிடுகிறது. இப்போது பொருளே சாவிக்குள் அடைபட்டிருக்கிறது.

இந்த வித்தியாசத்தைப் புரியாமல் கை சுட்டுக்கொள்ளும் இடம் ஒன்று விண்டோஸில் உண்டு. டொமைனில் சேராத கணினியில் ஒருவர் ஈஎஃப்எஸ் முறையில் தன் கோப்புகளை என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறார். அவரே தன் பாஸ்வேர்டை மாற்றினால் ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன தந்திரத்தால் நீங்கள் வெளியிலிருந்து மாற்றினால், கணக்கு திறக்கும், அந்தக் கோப்புகள் திறக்காது. காவல்காரரை மாற்றினீர்கள், சாவி பழைய பாஸ்வேர்டோடு போய்விட்டது.

டிஸ்கை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கர் போட்ட விண்டோஸ் சர்வரில் கடைசி நம்பிக்கை 48 இலக்க மீட்பு எண். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டு. ஒவ்வொரு கட்டும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். நடுராத்திரியில் ஃபோனில் ஒருவர் சொல்ல இன்னொருவர் அடிக்கும்போது எந்தக் கட்டில் தவறு என்று அங்கேயே தெரியட்டும் என்றுதான். யோசித்துச் செய்த வேலை. அந்த எண்ணும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டும் கைவிரித்துவிடும்.

லினக்ஸில் இதே வேலைக்கு லக்ஸ் முறை. டிஸ்கை உண்மையில் பூட்டுவது ஒரு முதன்மைச் சாவி. அதை நம் பாஸ்வேர்டால் பொட்டலம் கட்டி, டிஸ்கின் தலைப்பகுதியில் வைத்திருக்கும். பழைய பதிப்பில் இப்படி எட்டுப் பொட்டலம் வைக்கலாம், புதியதில் 32 வரை. எட்டு இடம் இருந்தும் எல்லோரும் ஒன்றைத்தான் நிரப்புகிறோம். எல்லாப் பொட்டலத்தின் பாஸ்வேர்டும் மறந்தால், மேலே சொன்ன எந்தத் தந்திரமும் பலிக்காது. ஒரே ஒரு சலுகை: சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதன்மைச் சாவி நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. அந்த நிலையில் யாராவது உங்களிடம் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொன்னால் அவரை அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். முதலில் தரவு முழுவதையும் வேறு டிஸ்குக்கு எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ரவுட்டர்களிலும் இந்த இரண்டு நிலையும் உண்டு. சிஸ்கோ ரவுட்டரின் பாஸ்வேர்டு மறந்தால், கன்சோல் கேபிளைச் செருகி, எழும்பும்போது இடைமறித்து, அமைப்புப் பதிவேட்டை 2142 என்று மாற்றினால், சேமித்து வைத்த அமைப்பைப் பார்க்காமலேயே எழும். உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மறுபடி 2102-க்குக் கொண்டுவர வேண்டும். இந்த வழியையே அடைத்துவிடும் ஒரு கட்டளையும் சிஸ்கோவில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இடைமறிப்பவருக்கு வெற்று ரவுட்டர் மட்டும்தான் கிடைக்கும், அமைப்பு அழிந்துவிடும்.

சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சியில் டெர்ரி சைல்ட்ஸ் என்ற நெட்வொர்க் பொறியாளர் பல ரவுட்டர்களில் அப்படி அடைத்து வைத்திருந்தார். 2008 ஜூலையில் மேலதிகாரிகள் பாஸ்வேர்டு கேட்டபோது, அதைப் பெறும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று மறுத்துவிட்டார். கைது செய்தார்கள், ஜாமீன் தொகையை 50 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். பன்னிரண்டு நாள் பிடிவாதத்துக்குப் பிறகு சிறைக்கு நேரில் வந்த மேயர் கேவின் நியூசமிடம் மட்டும் கொடுத்தார். 2010-இல் நான்கு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அத்தனை நாளும் நகரத்தின் நெட்வொர்க் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை என்று மேலே சொன்னேனே, அதேதான். அங்கே யாருக்கும் எதுவும் மறக்கவில்லை, ஆனால் நகராட்சிக்கு நிலைமை மறந்ததற்குச் சமம்.

யார் சொந்தக்காரர் என்பதை இயந்திரம் கீபோர்டை வைத்து முடிவு செய்கிறது, சட்டம் அப்படிச் செய்யாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, சொந்தக்காரர் அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதைத்தான் தவறு என்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி குற்றம். ஆர்டி.பிரேக் தெரிந்தவர் என்பதற்காக யார் கேட்டாலும் போய்த் திறந்து கொடுக்கக் கூடாது. பங்காளிகளுக்குள் தகராறு நடக்கும் கடையில் ஒருவர் மட்டும் கூப்பிட்டால் நான் போவதில்லை.

உறை எங்கே இருக்கிறது?

மறக்காமல் இருக்க என்ன செய்வது என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விடைதான்: எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, பெட்டியில் வைப்பது. பாஸ்வேர்டு மேனேஜர் மென்பொருள்கள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் அதைத் திறக்கவும் ஏதோ ஒன்று வெளியே இருந்தாக வேண்டும்.

இதில் கூகுளே பட்ட பாடு சொல்லத்தக்கது. 2012 செப்டம்பர் 27 அன்று, ஊழியர்கள் போய்வரும் பேருந்துகளின் வைஃபை பாஸ்வேர்டு மாறிவிட்டது என்று ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுவனத்தின் உள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்தார்கள். ஒரு சிறு குழுவுக்காக எழுதப்பட்ட அது சுமை தாங்காமல் படுத்துவிட்டது. மறுபடி எழுப்ப ஒரு ஸ்மார்ட் கார்டு வேண்டும் என்பது நியூயார்க்கில் பணியில் இருந்த பொறியாளருக்குத் தெரியாது. கார்டுகள் வேறு ஊர்களின் அலுவலகப் பெட்டகங்களில் இருந்தன. ஆஸ்திரேலியாவில் இருந்தவரிடம் எடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் எண், படுத்துக் கிடந்த அதே பாஸ்வேர்டு மேனேஜருக்குள் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஒருவருக்கு அங்கிருந்த பெட்டகத்தின் எண் மனப்பாடமாக இருந்தது. கார்டை எடுத்துச் செருகினார், வேலை செய்யவில்லை. ஆஸ்திரேலியாவில் பொறுமை இழந்து டிரில் மெஷினால் பெட்டகத்தைத் துளைத்துத் திறந்தார்கள். அந்தக் கார்டும் வேலை செய்யவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, கார்டைத் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள். திருப்பிப் போட்டதும் எழுந்துவிட்டது.

உறையை மூடுமுன் இந்த ஒரு ஒத்திகை வேண்டும். எழுதியதைப் பார்த்து, எழுதாத ஒருவர், ஒரு தடவை உள்ளே நுழைந்து காட்ட வேண்டும். ஈரோட்டில் கடைப் பையனைக் கூப்பிட்டு அதைத்தான் செய்யச் சொன்னேன். என் கையெழுத்தில் பூஜ்யத்தை 'ஓ' என்று படித்து இரண்டு தடவை தவறவிட்டான். பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன், மூன்றாவது தடவை திறந்தது. பெரியவர் தாளை மடித்து உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். "பீரோ சாவி எங்க இருக்குன்னு வீட்டம்மாவுக்குத் தெரியுமுங்க" என்றார், நான் கேட்காமலே.

டிஸ்கை மாட்டிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து யுபிஎஸ் பேட்டரி மாற்றப் போனபோது காலண்டர் ஆணியில் காலண்டர் மட்டும்தான் இருந்தது. சாவி எங்கே என்றேன். பெரியவர் வேட்டி மடிப்பைத் தட்டிக் காட்டிவிட்டு, கல்லாவைப் பூட்டிக்கொண்டு அறையைத் திறந்துவிட எழுந்து வந்தார்.